வார்ம் அப் வேறு, சாதகம் வேறு

கேள்வி: எனக்கு 33 வயது. சின்ன வயதில் நாலைந்து வருடம் பாட்டு கற்றுக்கொண்டு விட்டுவிட்டேன். இப்போது இரண்டு வருடமாக ஒரு இசைக்குழுவில் பாடுகிறேன். முதல் இரண்டு பாட்டில் மேலே போகும்போது குரல் உடைகிறது, மூன்றாவது பாட்டில்தான் என் குரல் எனக்குக் கிடைக்கிறது. முன்னாடியே பாடித் தயாராகிவிடலாம் என்று போன நிகழ்ச்சிக்கு முன் 45 நிமிடம் முழுக் குரலில், கீழ், நடு, மேல் என மூன்று ஸ்தாயியிலும் பயிற்சி செய்தேன். முதல் பாட்டு நன்றாக வந்தது. ஆனால் பாதியிலேயே குரல் கம்மி, கடைசிப் பாட்டைக் காற்றில்தான் பாடினேன். மேடை ஏறும் முன் தொண்டையில் ஏதோ சளி மாதிரி நிற்கும், செருமிச் செருமிச் சரிசெய்துகொள்வேன். குழுவில் ஒருவர், வார்ம் அப்பே வேண்டாம், வெந்நீர் குடித்தால் போதும் என்கிறார். எவ்வளவு நேரம், எதை, எந்த வரிசையில் செய்வது? சில நாள் ஆபீஸிலிருந்து நேராகப் போவதால் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், அப்போது என்ன செய்வது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை '45 நிமிடம் முழுக் குரலில்' என்ற இடத்தில் நின்றேன், இரண்டாவது தடவை 'செருமிச் செருமி' என்ற இடத்தில். நீங்கள் இரண்டாவதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், ஆனால் எனக்கு முதலாவதைவிட அதுதான் உறுத்துகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் 45 நிமிடம். நீங்கள் செய்தது வார்ம் அப் இல்லை, சாதகம். இரண்டுக்கும் ஒரே ஸ்வர வரிசை, ஒரே 'ஆ'காரம் என்பதால் ஒன்றுபோலத் தெரியும். சாதகத்தில் குரலுக்கு இன்னும் வராத ஒன்றை வரவைக்கப் பார்க்கிறோம். எட்டாத இடத்தை எட்டவைக்கிறோம், வேகத்தைக் கூட்டுகிறோம், களைத்தாலும் இன்னொரு தடவை என்று போகிறோம். அது வேறு நாள், வேறு நேரம். வார்ம் அப்பில் குரல் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம். தெரிந்ததைத் தடங்கல் இல்லாமல் செய்கிற நிலைக்கு வந்தால் போதும், வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். உங்களுக்கு முதல் பாட்டு நன்றாக வந்ததிலிருந்தே குரல் தயாராகிவிட்டது தெரிகிறது. என் கணக்குப்படி அது பத்தாவது அல்லது பன்னிரண்டாவது நிமிடத்திலேயே தயாராகியிருக்கும், மீதி அரை மணி நேரமும் நீங்கள் கேட்க ஆள் இல்லாத ஒரு கச்சேரியைப் பாடி முடித்திருக்கிறீர்கள்.

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்களும் ஒன்றோடொன்று தட்டித் தட்டித்தான் சத்தம் வருகிறது. பேசும்போது ஆண்களுக்கு வினாடிக்குச் சுமார் 120 தடவை, பெண்களுக்குச் சுமார் 200 தடவை. பாடும்போது ஏறும், 440 ஹெர்ட்ஸ் சுருதியில் ஒரு ஸ்வரம் பிடித்தால் ஒரு வினாடிக்கு 440 தட்டு. உங்கள் சராசரியை 300 என்று வைத்துக்கொள்வோம், 45 நிமிடத்தில் பாதி நேரம் மூச்சு வாங்கவும் நிறுத்தவும் போனது என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் மேடை ஏறும் முன்பே நாலு லட்சம் தட்டு ஆகிவிட்டது. அதுவும் முழுக் குரலில், அதாவது ஒவ்வொரு தட்டும் பலமான தட்டு. பெண்களுக்கு ஒவ்வொரு நாணும் ஒன்றரை சென்டிமீட்டர் வரும், அவ்வளவுதான். அது வீங்கிக்கொண்டால் என்ன ஆகும்? முதலில் மெலிதாகப் பாட வராது, அப்புறம் மேல் ஸ்தாயி போகும், கடைசியில் காற்று கலந்த கரகரப்பு. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான்.

நானும் இதைச் செய்திருக்கிறேன், அதனால் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். மேடையில் பாட ஆரம்பித்த காலத்தில், ஒரு நிகழ்ச்சிக்கு முன் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வேறு ஒருவர் வேகவேகமான ஸ்வரச் சுழல்களை, பிருகா பிருகாவாக உதிர்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நானும் ஆரம்பித்தேன், அவர் சுருதியை ஒரு கட்டை ஏற்றினால் நான் ஒன்றரை. ஐம்பது நிமிடம் அந்தச் சுவரோடு சண்டை போட்டுவிட்டு மேடைக்குப் போனால், இரண்டாவது பாட்டில் மேல் ஷட்ஜம், அதாவது மேல் 'ஸ', வர வேண்டிய இடத்தில் வாய் திறந்திருக்கிறது, கை மேலே போயிருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. அந்தப் பக்கத்து அறைக்காரர் நன்றாகப் பாடினார் என்று கேள்விப்பட்டேன், அது எனக்கு இன்னும் எரிச்சல்.

சரி, இப்போது முதல் இரண்டு பாட்டில் ஏன் உடைகிறது என்ற விஷயம். குரல் நாணுக்குள் இருக்கிற தசை ஒன்று, அதைச் சுருக்கித் தடிமனாக வைக்கும். வெளியே குரல்வளையின் முன்புறத்தில் இருக்கிற இன்னொரு தசை, அதை நீட்டி மெலிதாக்கும். கீழே பாட முதலாவதுக்கு வேலை அதிகம், மேலே போகப் போக இரண்டாவதின் கை ஓங்க வேண்டும். நாள் முழுக்க நாம் பேசுவது கீழ்ப்பகுதியில், கிட்டத்தட்ட ஐந்தாறு ஸ்வரத்துக்குள்ளேயே. அதாவது நீட்டுகிற தசைக்குக் காலையிலிருந்து வேலையே இல்லை. அந்த நிலையில் மேடை ஏறி முதல் பாட்டின் அனுபல்லவியிலோ சரணத்திலோ திடீரென்று மேலே தாவினால், சுருக்குகிற தசை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும், நீட்டுகிற தசை இழுக்கும், கைமாறுகிற அந்த இடத்தில் 'டக்' என்று உடையும். இரண்டு பாட்டு பாடியதும் இரண்டுக்கும் ஒத்துப்போய்விடுகிறது, உங்கள் குரல் உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. ஆக உங்களுக்கு வேண்டியது பலம் இல்லை, இந்தக் கைமாற்றம் மேடைக்கு முன்பே நாலைந்து தடவை, சத்தமில்லாமல், உடையாமல் நடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முழுக் குரலில் கீழிருந்து ஏற்றிக்கொண்டு போனால் இது நடக்காது, தடிமனையும் சேர்த்து மேலே தூக்கிக்கொண்டு போவீர்கள்.

அதனால் வரிசை இப்படி. முதல் இரண்டு நிமிடம் பாடவே வேண்டாம். தோளை இரண்டு தடவை சுழற்றி விடுங்கள், கழுத்தை மெதுவாகப் பக்கவாட்டில் சாயுங்கள், அப்புறம் காதுக்கு முன்னால் தாடை மடங்குகிற இடத்திலிருந்து கன்னம் வழியாகக் கீழே இரண்டு உள்ளங்கையாலும் நீவிவிடுங்கள், வாய் தானாகக் கொஞ்சம் திறந்து தொங்கட்டும். மேடைப் பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது நமக்கே தெரியாது, நீவும்போதுதான் வலிக்கும். பிறகு இடுப்பைச் சுற்றிக் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கி, 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சீராக 15, 20 வினாடி விடுங்கள். மூன்று தடவை போதும். நெஞ்சு விம்மிப் போட்டிபோட வேண்டாம், 40 வினாடி தாக்குப்பிடிப்பதற்கு இங்கே பரிசு கிடையாது.

அடுத்ததுதான் முக்கியம். ஒரு ஸ்ட்ரா எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்தாறு மில்லிமீட்டர் அகலம் உள்ள சாதாரண ஸ்ட்ரா. பாதி டம்ளர் தண்ணீரில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு நுனி இறங்கியிருக்கட்டும். உதட்டைச் சுற்றிக் காற்று கசியாமல் மூடிக்கொண்டு, 'ஊ' என்று பாடுகிற மாதிரி சத்தத்தைக் குழாய் வழியாக விடுங்கள். தண்ணீர் குமிழியிடும். கவனிக்க வேண்டியது அந்தக் குமிழிகளை: சீராக, கொதிக்க ஆரம்பித்த தண்ணீர் மாதிரி ஒரே அளவில் வந்தால் சரி. பொங்கி மேசையெல்லாம் தெறித்தால் காற்றை அதிகமாகத் தள்ளுகிறீர்கள். நின்று நின்று வந்தால் மூச்சு தடுமாறுகிறது. சத்தமே இல்லாமல் குமிழி மட்டும் வந்தால் ஊதுகிறீர்கள், பாடவில்லை. ஒரு சந்தேகம் இருந்தால் பாடிக்கொண்டிருக்கும்போதே மூக்கை மூடிப் பாருங்கள், சத்தம் மாறினால் காற்று மூக்கு வழியாகத் திருட்டுத்தனமாகப் போகிறது. நடு ஸ்தாயியில் பேசுகிற சுருதிக்குக் கொஞ்சம் மேலே ஒரு இடம் பிடித்து அங்கேயே நாலு தடவை நீளமாக, அப்புறம் அங்கிருந்து கொஞ்சம் மேலே வழுக்கிப் போய்த் திரும்ப இறங்குவது, ஒவ்வொரு தடவையும் அரைக் கட்டை கூட. சைரன் மாதிரி, ஆனால் தூரத்துச் சைரன். நீங்கள் உடைகிற அந்த இடம் வரும்போது சத்தத்தைக் கூட்டத் தோன்றும், கூட்டாதீர்கள், இன்னும் குறையுங்கள். ஸ்ட்ராவுக்குள் உடைந்தால் உடையட்டும், யாருக்கும் கேட்காது. நாலாவது ஐந்தாவது தடவையில் அந்த இடம் தானாக வழுக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பீர்கள்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், வாய்ப் பக்கம் குறுகி இருப்பதால் காற்று கொஞ்சம் திரும்பி அழுத்துகிறது. அந்த அழுத்தம் நாண்களைச் சற்று விலக்கியே வைப்பதால், ஒன்றோடொன்று அறைந்துகொள்ளாமல் அதிர முடிகிறது. முழு வீச்சுக்கு நீட்டலாம், அடி மட்டும் விழாது. இது புதுசாக வந்த இன்டர்நெட் வித்தை இல்லை. பின்லாந்தில் 1960-களிலேயே சுமார் 27 சென்டிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் விட்டுக் குரல் சிகிச்சை செய்தார்கள். அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்சே பிறகு அதற்கு இயற்பியல் கணக்கெல்லாம் போட்டு, ஸ்ட்ராவைப் பாடகர்கள் மத்தியில் பிரபலமாக்கினார். ஸ்ட்ரா இல்லாவிட்டால் 'ப்ர்ர்ர்' என்று உதட்டைப் படபடக்க விடலாம். குழந்தைகள் வண்டி ஓட்டி விளையாடும்போது விடுகிற அதே சத்தம். உதடு படபடக்காமல் நின்றுபோனால் இரண்டு கன்னத்தையும் விரலால் லேசாக மேலே தூக்கிப் பிடியுங்கள், வந்துவிடும். இந்தக் கட்டத்துக்கு நாலைந்து நிமிடம் தாராளமாகக் கொடுக்கலாம், மொத்த வார்ம் அப்பில் எனக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

அப்புறம் 'ங்'. தமிழில் இந்த எழுத்தை வைத்துத் தொடங்குகிற சொல்லே நமக்குத் தேவைப்படுவதில்லை, அட்டவணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் நினைத்திருப்போம். குரலுக்கு இதைவிட நல்ல எழுத்து கிடையாது. 'தங்கம்' என்று சொல்ல ஆரம்பித்து 'தங்' வரை வந்து அங்கேயே நில்லுங்கள். வாய் பாதி திறந்திருக்கும், நாக்கின் பின்பகுதி மேலே ஒட்டியிருக்கும், சத்தம் மூக்குத்தண்டிலும் கண்ணுக்குக் கீழேயும் ஜிவ்வென்று அதிரும். அதிலேயே ஐந்து ஸ்வரம் மேலிருந்து கீழே, பமகரிஸ என்று இறங்குங்கள். கீழிருந்து ஏறுவதைவிட மேலிருந்து இறங்குவது நல்லது, மெலிந்த குரலைக் கீழே அழைத்துக்கொண்டு வருகிறோம், தடித்த குரலை மேலே தூக்கவில்லை. இரண்டு நிமிடம் போதும். பிறகு அதே இறக்கத்தை 'ங்'-இல் ஆரம்பித்து மெதுவாக 'ஆ'வாகத் திறந்துவிடுங்கள். 'ங்ங்ஆ'. அதிர்வு இருந்த இடத்தை விட்டு நகராமல் வாய் மட்டும் திறப்பதுபோல. இங்கேதான் முதல் தடவையாகத் திறந்த குரலுக்கு வருகிறோம், கிட்டத்தட்ட எட்டாவது ஒன்பதாவது நிமிடத்தில். பாதிக் குரலுக்கு மேல் வேண்டாம். மூன்று நிமிடம் இப்படி ஆ, ஈ, ஊ என்று அரைக் கட்டை அரைக் கட்டையாக நகர்ந்துவிட்டு, கடைசியாக அன்றைக்குப் பாடப்போகிற பாட்டில் உங்களைப் பயமுறுத்துகிற அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து, முதலில் ஸ்ட்ராவில் மெட்டாக, பிறகு சொற்களோடு மெலிதாகப் பாடிப் பாருங்கள். ஒரு தடவை நன்றாக வந்துவிட்டால் விட்டுவிடுங்கள். இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும், அந்த இன்னொரு தடவையில்தான் எல்லாம் கெடும்.

எல்லாம் சேர்த்து 12, 15 நிமிடம். ஆனால் நான் கடிகாரத்தை விட ஒரு சோதனையைத்தான் நம்புகிறேன். மேல் ஸ்தாயியில் ஒரு சின்ன வரியை, தூங்குகிற குழந்தை எழுந்துவிடக்கூடாது என்கிற அளவுக்கு மெலிதாகப் பாட முடிகிறதா? ராபர்ட் பாஸ்டியன் என்ற தொண்டை மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1990-இல் குரல் நாண் வீக்கத்தைக் கண்டுபிடிக்க இப்படி ஒரு எளிய சோதனையை எழுதினார்கள். பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டின் முதல் வரியை உயர்ந்த சுருதியில், மிக மெலிதாகப் பாடச் சொல்வார்கள். சத்தமாகப் பாடும்போது வீக்கத்தைக் காற்றால் அமுக்கித் தப்பித்துவிடலாம், மெலிதாகப் பாடும்போது ஒளிய இடமில்லை. வீக்கம் இருந்தால் சத்தம் கிளம்பத் தாமதமாகும், அல்லது முதலில் காற்று மட்டும் வரும். வார்ம் அப்புக்கு முன் ஒரு தடவை, முடிந்தபின் ஒரு தடவை இதைச் செய்யுங்கள். இரண்டாவது தடவை சுலபமாக வந்தால் முடித்துக்கொள்ளலாம். முதலாவதைவிட இரண்டாவது மோசமாக இருந்தால் நீங்கள் வார்ம் அப் செய்யவில்லை, குரலைச் செலவழித்திருக்கிறீர்கள். தினமும் காலையில் ஒரே சுருதியில் இதைச் செய்துவந்தால் உங்கள் குரலின் நல்ல நாள் கெட்ட நாள் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

இப்போது அந்தச் செருமல். தொண்டையில் ஏதோ நிற்கிறது என்று கனைக்கிறோமே, அப்போது இரண்டு நாண்களும் ஒன்றோடொன்று பலமாக மோதித் தேய்கின்றன. தேய்ந்த இடம் எரிச்சலாகும், எரிச்சலான இடத்தைக் காப்பாற்ற உடம்பு இன்னும் கொஞ்சம் சளியைச் சுரக்கும், அந்தச் சளி மறுபடி தடையாக இருக்கும், மறுபடி செருமுவீர்கள். முடிவே கிடையாது. பாதி நேரம் அங்கே சளியே இருக்காது, இருப்பது வீக்கம், அதை எப்படிச் செருமி வெளியேற்றுவது? அடுத்த தடவை செருமத் தோன்றும்போது ஒரு வாய் தண்ணீர் குடித்து, தாடையை நெஞ்சுப் பக்கமாகக் கொஞ்சம் தாழ்த்தி அழுத்தி விழுங்குங்கள். போகவில்லை என்றால் சத்தமில்லாமல் வெறும் காற்றாக 'ஹ' என்று ஒரு தடவை தள்ளிவிட்டு மறுபடி விழுங்குங்கள். அதுவும் போகவில்லை என்றால் ஸ்ட்ராவில் மேலிருந்து கீழே இரண்டு வழுக்கல். பழக்கத்தை விட இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், வீட்டில் யாரையாவது எண்ணச் சொல்லுங்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை செருமுகிறீர்கள் என்று கேட்டால் அசந்துபோவீர்கள். எப்போதும், பாடாத நாளிலும், காலையிலேயே இந்த உறுத்தல் இருக்கிறது என்றால் வயிற்று அமிலம் மேலே வருவது ஒரு காரணமாக இருக்கலாம், ஒவ்வாமை இருக்கலாம், அதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வெந்நீர் பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. குடிப்பது எதுவும் குரல் நாணைத் தொடுவதில்லை, உணவுக்குழாய் வழியாகப் போய்விடுகிறது, தப்பித் தவறித் தொட்டால் புரையேறும். தொண்டைக்கு இதமாக இருக்கும், பதற்றம் குறையும், அதனால் குடியுங்கள். நாணுக்கு ஈரம் போய்ச் சேர வேண்டுமானால் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்திருக்க வேண்டும், மேடைக்கு முன் ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்தால் பாதிப் பாட்டில் வேறு அவசரம்தான் வரும். நேராக நாணுக்குப் போகிறது என்றால் மூச்சோடு உள்ளே போகிற ஆவிதான், அதையும் சுடச்சுடப் பாத்திரத்தில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு செய்யாதீர்கள், தீக்காயம் பட்டவர்கள் உண்டு. தொண்டையை மரத்துப்போகச் செய்கிற மிட்டாய் வகை மட்டும் பாடும் முன் வேண்டவே வேண்டாம், வலியை மறைத்துவிடும், நீங்கள் பாட்டுக்கு அடித்துப் பாடுவீர்கள். வலி மாத்திரையும் அப்படித்தான், அதிலும் ஆஸ்பிரின் வகை குரல் நாணில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பைக் கூட்டும்.

வார்ம் அப்பே வேண்டாம் என்கிற உங்கள் குழு நண்பர் பொய் சொல்லவில்லை. கருவி வைத்து அளந்து பார்த்த ஆய்வுகளில் முடிவு எல்லாருக்கும் ஒரே மாதிரி வரவில்லை, ஆனால் பாடுகிறவர்களைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் சுலபமாக இருக்கிறது என்பார்கள். சிலருக்கு இயல்பிலேயே அந்தக் கைமாற்றம் வழுக்கிக்கொண்டு நடக்கும். அவரை ஒரு நாள் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் காலையிலிருந்து எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பவராக இருப்பார், மாடிப்படி ஏறும்போது, சட்டை போடும்போது, போன் எடுப்பதற்காகக் காத்திருக்கும்போது. அவருக்கு அதுவே வார்ம் அப், பெயர் வைக்கவில்லை அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று, உங்கள் கடிதத்தில் இல்லாதது, ஆனால் நடந்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். ஒலிச்சோதனை நடக்கும்போது டிரம்ஸும் கீபோர்டும் ஓடிக்கொண்டிருக்க, அதற்கு மேல் கத்திக் கத்திப் பேசியிருப்பீர்கள். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் நாம் கேட்காமலே குரல் உயரும். 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லொம்பார்ட் இதை விவரித்ததால் அவர் பெயரிலேயே லொம்பார்ட் விளைவு என்கிறார்கள். அரங்கத்தின் பின்பக்கம் ஒரு மணி நேரம் இப்படிப் பேசினால் ஸ்ட்ராவில் சேர்த்ததெல்லாம் போய்விடும். ஆளுக்குப் பக்கத்தில் போய்ப் பேசுங்கள், கை ஜாடை காட்டுங்கள், போனில் எழுதிக் காட்டுங்கள். கிசுகிசுத்தால் ஓய்வு என்று நினைக்காதீர்கள், பலர் கிசுகிசுக்கும்போது குரல்வளையை இன்னும் இறுக்கிக்கொள்கிறார்கள். வார்ம் அப் முடிந்து மேடை ஏற பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் நடுநடுவே ஒரு 'ம்ம்', அது போதும், மறுபடி முதலிலிருந்து வேண்டாம்.

முடிந்த பிறகும் அதே ஸ்ட்ராவில் இரண்டு மூன்று நிமிடம் மேலிருந்து கீழே இறங்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள். பாடி முடித்த உற்சாகத்தில் எல்லாரும் சத்தமாகப் பேசுவார்கள், அந்த நேரத்தில் குரல் வழக்கத்தைவிட உயரத்தில் நின்றுவிடும், அதைப் பேச்சுச் சுருதிக்கு இறக்கிவிடுவதுதான் இது.

குரல் கம்மியது இரண்டு மூன்று நாளில் முழுசாகச் சரியாகியிருந்தால் கவலை இல்லை. கரகரப்பு நான்கு வாரத்துக்கு மேல் நின்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் நாணை நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று குரல் போனாலோ, எச்சிலில் ரத்தம் தெரிந்தாலோ, மூச்சு விடவோ விழுங்கவோ சிரமமாக இருந்தாலோ அந்த நான்கு வாரமும் பார்க்கக்கூடாது, உடனே போக வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமரா, சில நிமிட வேலை. முதன்முதலில் பாடும்போது தன் குரல் நாணைத் தானே பார்த்துப் பதிவு செய்தவர் மருத்துவரே இல்லை, மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார், 1854-இல், ஒரு சின்னக் கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துக்கொண்டு. மனிதர் 101 வயது வரை இருந்தார்.

ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்கிற நாளில்: நீவுவது, மூச்சு எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். மூன்று நிமிடம் ஸ்ட்ரா, ஒரு நிமிடம் 'ங்', ஒரு நிமிடம் அந்தப் பயமுறுத்தும் வரி மெலிதாக. வண்டியில் வரும்போதே 'ம்ம்' என்று முனகிக்கொண்டு வரலாம், ஆனால் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு முழுப் பாட்டும் பாடாதீர்கள், இரைச்சலுக்கு மேல் கத்துவீர்கள். அந்த மாதிரி நாளில் குழுவிடம் சொல்லிப் பாட்டு வரிசையையும் மாற்றிக்கொள்ளுங்கள். நடு ஸ்தாயியிலேயே நடக்கிற ஒரு பாட்டை முதலில் போட்டு, உயரமான பாட்டை நாலாவதாகத் தள்ளுங்கள். உங்களுக்கு மூன்றாவது பாட்டில்தானே குரல் கிடைக்கிறது, அது கிடைக்கும்வரை எந்தப் பாட்டு பாடுவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.